மாத்திரை எல்லாவற்றையும் ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கலாமா, டாக்டர்?

நங்கநல்லூரிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு 62 வயது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. 14 மாதங்களுக்கு முன் இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 மி.கி. இரண்டு வேளை, ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் அம்லோடிபினும் சேர்ந்த மாத்திரை, இரவில் ஆஸ்பிரின் 75 மி.கி.யும் அட்டோர்வாஸ்டாட்டினும் சேர்ந்த கேப்சூல். மணிக்கட்டு எலும்பு முறிந்தபோது எலும்பின் அடர்த்தி குறைவு என்று தெரிந்ததால், வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் 70 மி.கி. இவை டாக்டர்கள் எழுதிக் கொடுத்தவை. முட்டி வலிக்கு அசெக்ளோஃபினாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையை மூன்று மாதமாகக் காலையும் இரவும் சாப்பிடுகிறார். அது தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குவது. வயிறு எரிய ஆரம்பித்ததும் அதே கடையில் கொடுத்தது, பாண்டோப்ரசோலும் டாம்பெரிடோனும் சேர்ந்த கேப்சூல். அதைக் காலை டிபனுக்குப் பிறகு போடுகிறார்.

இப்போது மேல்வயிற்றில் எரிச்சல், புளித்த ஏப்பம், படுத்தால் தொண்டை வரை ஏறும் காரம். ஞாயிறு இரவு எலும்பு மாத்திரையை இரண்டு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுக்கிறார். திங்கள், செவ்வாயில் காபி விழுங்கினால்கூட நெஞ்சுக்கு நடுவில் வலிக்கிறதாம். குடியிருப்பில் நடந்த முகாமில் ஹீமோகுளோபின் 9.8 என்று வந்ததால் ஒரு மாதமாக இரும்புச் சத்து மாத்திரையும் சேர்ந்திருக்கிறது. மலம் கருப்பாகப் போகிறது. "அது இரும்பு மாத்திரையால்தான்" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். பத்து நாள் முன்பு, "கொலஸ்ட்ரால் மாத்திரைதானே" என்று இரவு கேப்சூலைத் தானாக நிறுத்திவிட்டார்.

அவர் கேட்பவை: இங்கிலீஷ் மாத்திரைகளின் சூடுதானே இதற்குக் காரணம், ஒரு மாதம் எல்லாவற்றையும் நிறுத்தி வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கலாமா? பாண்டோப்ரசோல் கிட்னியைக் கெடுக்கும் என்று வாட்ஸ்ஆப்பில் வருகிறதே, உண்மையா? வலி மாத்திரைக்குப் பதில் ஊசி போட்டுக்கொண்டால் வயிறு தப்புமா? குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபி இல்லாமல் சமாளிக்க முடியாதா?

அம்மா, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவியாக இருந்தது ஒவ்வொரு மாத்திரையையும் எத்தனை மணிக்கு, எதோடு சாப்பிடுகிறீர்கள் என்று வரிசையாக எழுதியிருந்த அந்த அரைப் பக்கம். அதைப் படித்தால், ஏழு மாத்திரையும் சேர்ந்து உங்கள் வயிற்றைக் கெடுக்கவில்லை என்பது தெரிகிறது. பெரும்பாலான வேலையைச் செய்வது இரண்டுதான். ஒன்றை நிறுத்த வேண்டும், இன்னொன்றை விழுங்கும் விதம் தவறு. நீங்கள் நிறுத்தியதோ இந்த இரண்டுமே இல்லை.

நிறுத்திய கேப்சூல்

அந்த இரவுக் கேப்சூலில் கொலஸ்ட்ரால் மருந்து மட்டும் இல்லை. அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் ஆஸ்பிரின் என்று போட்டிருக்கும். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமல் காப்பது அதுதான். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களில் ஆஸ்பிரின் பட்டவை 7 முதல் 10 நாளில் அழிந்து, புதியவை வந்துவிடும். அதாவது பத்து நாள் நிறுத்தினால் அதன் பாதுகாப்பு ஏறக்குறைய முழுவதுமே போய்விட்டது என்று பொருள். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது நல்ல விஷயம். ஆனால் பதினோராவது நாளை அதே நம்பிக்கையில் கடத்தக் கூடாது.

இன்றே உங்கள் இதய மருத்துவரைப் போனில் அழையுங்கள். "ஆஸ்பிரின் பத்து நாளாக இல்லை, ஹீமோகுளோபின் 9.8, மலம் கருப்பு" என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் அவர் தரும் பதில் வேறாகிவிடும். மலம் தார் போல இல்லை, தலைசுற்றல் இல்லை என்றால், இன்று இரவே சாப்பாட்டுக்குப் பிறகு மீண்டும் ஆரம்பிக்கச் சொல்வார் என்றுதான் எதிர்பார்க்கிறேன். இரைப்பைப் புண்ணில் ரத்தம் கசிந்து, எண்டோஸ்கோபியில் அதை நிறுத்திய நோயாளிக்குக்கூட, ஸ்டென்ட் இருந்தால் சில நாட்களுக்குள் ஆஸ்பிரினைத் திரும்பத் தொடங்குகிறோம். வயிற்றுக்கு மருந்தால் காவல் போட்டுவிட்டு ஆஸ்பிரினைத் தொடர்வதே வழக்கம்.

ஆஸ்பிரின் வயிற்றை உறுத்தாதா என்றால், உறுத்தும். 75 மி.கி. என்ற சின்ன அளவிலும் சிலருக்குப் புண் வரும். மேல் பூச்சுள்ள மாத்திரையாயிற்றே என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. அந்தப் பூச்சு மாத்திரை இரைப்பையில் கரையாமல் தடுக்கும், அவ்வளவுதான். குடலில் கரைந்து ரத்தத்தில் கலந்தபின் அதே மருந்துதான் இரைப்பைக்கு வந்து சேர்கிறது.

நிறுத்த வேண்டிய மாத்திரை

அது அசெக்ளோஃபினாக். இன்றோடு நிறுத்திவிடுங்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டிய அவசியமில்லை.

இரைப்பையின் உள்சுவர் நாள் முழுக்க அமிலத்தில் நனைந்தும் வெந்துபோகாமல் இருப்பதற்குக் காரணம், அதன் மேல் இருக்கும் சளிப்படலமும், அதில் சுரந்து அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும், சுவருக்குக் கிடைக்கும் ரத்த ஓட்டமும். இந்த மூன்றையும் நடத்துவது புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள். முட்டியில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவதும் அதே வகைப் பொருள்தான். டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன் போன்றவை அது உற்பத்தியாவதையே தடுக்கின்றன. முட்டிக்கு நிம்மதி, இரைப்பைக்குக் காவல் போயிற்று. சூடு என்று நீங்கள் சொல்வது இந்தச் சேதத்தைத்தான். அதனால் மோரும் வெந்தயமும் குடிப்பதில் தப்பில்லை. ஆனால் போன காவலை அவை திருப்பிக் கொண்டுவராது.

ஊசி கேட்டீர்களே. மருந்து ரத்தத்தின் வழியாகப் போய்த்தான் இந்தத் தடையைச் செய்கிறது என்பதால், ஊசியாகப் போட்டாலும் ஆசனவாயில் வைத்தாலும் இரைப்பைக்கு ஆபத்து அதேதான். சாப்பிட்ட பிறகு போடுவதும் அப்படியே. நேரடி உறுத்தல் குறையும், புண் வரும் வாய்ப்பு குறையாது. "சாப்பிட்டுவிட்டுத்தான் டாக்டர் போட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ரத்த வாந்தியோடு வருகிறவர்கள் உண்டு.

உங்களுக்கு இது இரட்டிப்பு ஆபத்து. ஆஸ்பிரினோடு இன்னொரு வலி மாத்திரை சேரும்போது புண்ணும் கசிவும் வரும் வாய்ப்பு, தனித்தனியே சாப்பிடுவதைவிடப் பல மடங்கு கூடுகிறது. 60 வயதுக்கு மேல் இன்னும் கூடும். இதய நோய் இருப்பவர்கள் டைக்ளோஃபினாக் சாப்பிடக் கூடாது என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-லேயே சொல்லிவிட்டது. அசெக்ளோஃபினாக் அதன் நெருங்கிய உறவு. போதாததற்கு, டெல்மிசார்டன் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த வலி மாத்திரைகள் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அக்னி நட்சத்திர வெயிலில் தண்ணீர் குறைந்த உடம்பில் இந்தக் கூட்டு சேர்ந்தால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏறுவதை சென்னையில் ஒவ்வொரு மே மாதமும் பார்க்கலாம். கிட்னியைப் பற்றிய கவலையைப் பாண்டோப்ரசோல் மேல் வைத்திருக்கிறீர்கள். அது போக வேண்டிய இடம் இந்த மாத்திரை.

முட்டி வலிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான். வலியோடு இருங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. டைக்ளோஃபினாக் ஜெல்லை முட்டியில் தடவலாம். உடம்புக்குள் சேர்வது மாத்திரையில் சேர்வதில் சிறு பங்குதான். ஆனாலும் தடவுவதை இதய மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பலர் பட்டாணி அளவு தடவிவிட்டு "ஜெல் கேட்கவில்லை" என்கிறார்கள். ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். ஒரு முட்டிக்கு அப்படி நான்கு முறை பிதுக்க வேண்டும். அதை நாளுக்கு மூன்று, நான்கு தடவை. தேய்த்து மசாஜ் செய்யத் தேவையில்லை, பரவலாகப் பூசினால் போதும். அதற்கு மேல் வலித்தால் பாராசிட்டமால் 650 மி.கி., நாளுக்கு மூன்றுக்கு மிகாமல். பாராசிட்டமால் மட்டும் உள்ள மாத்திரை என்று அட்டையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். கடையில் "பாராசிட்டமால் இருக்கிற வலி மாத்திரை" என்று கேட்டால் பழையபடி அசெக்ளோஃபினாக்தான் கைக்கு வரும். பாராசிட்டமால் முட்டித் தேய்மானத்துக்குச் சுமாராகத்தான் கேட்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீண்ட நாளைக்குக் கைகொடுப்பது தொடைத் தசைக்கான பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஒருமுறை பார்த்துச் சரிசெய்தால் இன்னும் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

திங்களும் செவ்வாயும் விழுங்கும்போது வலிக்கிறது, வியாழனுக்குள் சரியாகிறது, மறுபடி திங்களன்று வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இது இரைப்பையின் வலி இல்லை. உணவுக் குழாயில் மாத்திரை ஒட்டிக்கொண்டு உண்டாக்கிய புண்ணின் வலியாக இருக்க வேண்டும். அலெண்ட்ரோனேட் ஈரமான சவ்வில் ஒட்டினால் அந்த இடத்தை அரிக்கும். இரண்டு மடக்குத் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுத்தால், மாத்திரை இரைப்பைக்குப் போகாமல் மார்புக்கூட்டின் நடுவே நின்றுவிடும். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பதும் விழுங்குவதும் குறைவு. எனவே அது இரவெல்லாம் அங்கேயே கரையும்.

இதை விழுங்கும் முறை வேறு எந்த மாத்திரைக்கும் இல்லாத அளவு கறாரானது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர், அதாவது 200 மில்லிக்குக் குறையாத வெறும் தண்ணீரோடு, நின்றோ நிமிர்ந்து உட்கார்ந்தோ விழுங்க வேண்டும். சப்பக் கூடாது, உடைக்கக் கூடாது. அதன்பின் அரை மணி நேரம் படுக்கவே கூடாது. அந்த அரை மணிக்குக் காபி, பால், மற்ற மாத்திரை எதுவும் கூடாது. முதல் ஆகாரம் உள்ளே போகும்வரை சாயக் கூடாது. காபியும் பாலும் பட்டால் மருந்து ரத்தத்தில் சேராமலே போய்விடும். ஏற்கெனவே அது வாயில் போட்டதில் நூற்றில் ஒரு பங்குகூடச் சேராத மருந்து.

ஆனால் உங்களுக்கு இப்போது விழுங்கும்போதே வலி இருக்கிறது. அதனால் முறையைத் திருத்திக்கொண்டு தொடருங்கள் என்று சொல்ல மாட்டேன். எண்டோஸ்கோபி முடியும்வரை வரும் ஞாயிறு முதல் அதை நிறுத்திவையுங்கள். சில வாரம் விட்டால் எலும்புக்கு நஷ்டமில்லை. இந்த மருந்து எலும்பிலேயே நீண்ட காலம் தங்கியிருக்கும். உணவுக் குழாயில் புண் என்று உறுதியானால், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் வேறு வழி கேளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் ஜோலெட்ரோனிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தருவார்கள். அது உணவுக் குழாயைத் தொடாது.

இதே காரணத்தால் தொண்டையையும் நெஞ்சையும் எரிக்கும் வேறு சிலவும் உண்டு. டாக்சிசைக்ளின் கேப்சூல், பொட்டாசியம் குளோரைடு மாத்திரை, இரும்பு மாத்திரை மூன்றும் அந்த ரகம். எந்த மாத்திரையையும் படுக்கப்போகும் நேரத்தில் ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்காமல் இருந்தாலே பாதித் தொல்லை போகும்.

பாண்டோப்ரசோல்: நேரமும் பயமும்

டிபனுக்குப் பிறகு போடுவதால்தான் அது உங்களுக்குப் பாதி வேலை செய்கிறது. இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் பம்புகள் சாப்பாடு வரும்போதுதான் சுறுசுறுப்பாகின்றன. இந்த மருந்து ஓடும் பம்பைத்தான் பிடித்து நிறுத்தும். ரத்தத்தில் அது இருப்பதோ ஒன்றிரண்டு மணி நேரம். ஆகவே சாப்பாடு வருவதற்கு முன்பே அது ரத்தத்தில் காத்திருக்க வேண்டும். காலை 7.30-க்கு டிபன் என்றால் 7 மணிக்கு மாத்திரை. முழுப் பலன் தெரிய மூன்று, நான்கு நாளாகும். எரிந்த அன்று மட்டும் போட்டுவிட்டு "கேட்கவில்லை" என்று விடுவது அதற்கு நியாயம் செய்வதாகாது.

டாம்பெரிடோன் சேர்ந்த கேப்சூல் உங்களுக்கு வேண்டாம். பெயரின் முடிவில் 'டி' என்று வருவதெல்லாம் பெரும்பாலும் இந்தச் சேர்க்கைதான். டாம்பெரிடோன் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக் கூடியது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து கூடுதல். இதய நோய் உள்ளவர்களுக்குத் தர வேண்டாம், மற்றவர்களுக்கும் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம், நாளுக்கு 30 மி.கி.யைத் தாண்ட வேண்டாம் என்று 2014-ல் ஐரோப்பாவில் வரம்பு விதித்தார்கள். நம் ஊரில் அதே 30 மி.கி.யை ஒரே கேப்சூலில் அடைத்து, மாதக்கணக்கில் மிட்டாய் போல விற்கிறோம். வெறும் பாண்டோப்ரசோல் 40 மி.கி. என்று கேட்டு வாங்குங்கள்.

கிட்னி பயத்துக்கு வருகிறேன். இந்த வகை மருந்தால் சிறுநீரகத்தில் ஒவ்வாமை போன்ற அழற்சி வருவது உண்டு, அபூர்வம். நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களிடம் சிறுநீரகக் கோளாறு கூடுதல் என்று சில கணக்கெடுப்புகள் சொல்கின்றன. ஆனால் அப்படிச் சாப்பிடுகிறவர்கள் ஏற்கெனவே வியாதிகள் அதிகம் உள்ளவர்கள், வலி மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள். எது எதனால் என்று அந்தக் கணக்கில் பிரிக்க முடியாது. உங்களைப் போலவே ரத்தக் குழாய் நோய்க்கு மருந்து சாப்பிட்ட 17,000-க்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பாண்டோப்ரசோல் 40 மி.கி.யும் மறு பாதிக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்து சுமார் மூன்று ஆண்டு கவனித்த ஆய்வு 2019-ல் வெளிவந்தது. சிறுநீரகக் கோளாறோ எலும்பு முறிவோ கூடவில்லை. குடல் தொற்று மட்டும் சற்று அதிகம்: நூற்றுக்கு 1 பேர் என்றிருந்தது 1.4 ஆனது. ஆஸ்பிரின் சாப்பிடும்வரை உங்களுக்கு இது தேவை. தேவையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்களைப் பற்றிய எச்சரிக்கை உங்களுக்குப் பொருந்தாது.

ஒன்றே ஒன்று. மெட்ஃபார்மினும் பாண்டோப்ரசோலும் தனித்தனியே வைட்டமின் பி12-ஐக் குறைக்கக் கூடியவை. நீங்கள் இரண்டும் சாப்பிடுகிறீர்கள். வருடத்துக்கு ஒருமுறை பி12 பாருங்கள், சைவச் சாப்பாடு என்றால் தவறாமல்.

பாண்டோப்ரசோலை நீங்களாக ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம். பல மாதம் அடக்கிவைத்த அமிலம், நிறுத்தியதும் சில வாரத்துக்கு முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். அதை நோய் திரும்பிவிட்டது என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் நிறைய.

வயிறு எரியும் நேரத்துக்கு, அமிலத்தை முறிக்கும் ஆன்டாசிட் ஜெல் திரவம் 10 மில்லி குடிக்கலாம். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு, தைராய்டு மாத்திரை, சில ஆன்டிபயாடிக்குகளை அது குடலில் கட்டிப்போட்டுவிடும். தண்ணீரில் போட்டால் நுரைக்கும் சோடா உப்புப் பொடியைத் தவிர்த்துவிடுங்கள். அதில் சோடியம் அதிகம், ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் ஆகாது. இரவில் பால் குடித்தால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். பிறகு அதிலுள்ள கால்சியமும் புரதமும் அமிலத்தைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும். விட்டுவிடலாம்.

கருப்பு மலமும் 9.8-உம்

எனக்கு இந்தக் கடிதத்தில் கவலை தந்தது எரிச்சல் இல்லை, இதுதான். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 9.8, கூடவே ஆஸ்பிரினும் மூன்று மாத வலி மாத்திரையும் என்றால், இரைப்பையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் கசிகிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபித்த பிறகுதான் வேறு காரணம் தேட வேண்டும். முகாமில் இரும்பு மாத்திரை கொடுத்தது தவறில்லை. ஏன் குறைந்தது என்று பார்க்காமல் விட்டதுதான் குறை.

இரும்பு மாத்திரையால் வரும் கருப்பு, கரும்பச்சை கலந்து, கெட்டியாக, வழக்கமான வாடையோடு இருக்கும். ரத்தக் கசிவின் கருப்பு தார் போலப் பளபளக்கும், பிசுபிசுக்கும், தண்ணீர் ஊற்றினாலும் கோப்பையில் ஒட்டும். நாற்றம் தனியாகத் தெரியும். இப்படிச் சொன்னாலும், மெதுவான கசிவில் நிறமே மாறாமல் இருக்கலாம். அதனால் நிறத்தைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். இரும்பு மாத்திரையை இப்போதைக்கு நிறுத்துங்கள். நான்கைந்து நாளில் நிறம் மாற வேண்டும். மாறுகிறதா என்று பார்ப்பதற்காக மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். ரத்தத்தில் முழு அணுக்கள் கணக்கு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, கிரியாட்டினின் நான்கையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

பின்னால் இரும்பு மறுபடி தேவைப்படும்போது ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு வேளை மட்டும் சாப்பிட்டால் போதும். உறிஞ்சப்படுவதும் நன்றாக இருக்கும், வயிற்று உறுத்தலும் குறையும். காபி, டீயிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள்.

எண்டோஸ்கோபி

62 வயது, ரத்தச் சோகை, விழுங்கும்போது வலி. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே பார்க்கச் சொல்வோம், உங்களுக்கு மூன்றும் இருக்கிறது. ஆகவே இது இல்லாமல் சமாளிக்க முடியாதா என்ற கேள்விக்கு என் பதில்: முடியாது, ஒத்திப்போடவும் கூடாது.

சிரமம் நீங்கள் நினைப்பதில் கால்வாசிதான். தொண்டையில் மரத்துப்போகும் ஸ்ப்ரே அடிப்பார்கள். கசக்கும், விழுங்க முடியாதது போல ஒரு உணர்வு வரும். அது மருந்து வேலை செய்வதன் அடையாளம். இடது பக்கம் படுக்க வைத்து, பல்லுக்கு இடையில் ஒரு வளையம் வைத்து, சுண்டுவிரல் கனமுள்ள குழாயை இறக்குவார்கள். 5 முதல் 10 நிமிடம். மூச்சுக் குழாயில் அது போவதில்லை. மூக்கால் நிதானமாக மூச்சு விட்டால் குமட்டல் அடங்கும். பயம் அதிகம் என்றால் லேசான மயக்க ஊசி கேளுங்கள். அப்படியானால் வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் வேண்டும், அன்று கையெழுத்துப் போடும் வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆறு முதல் எட்டு மணி நேரம் பட்டினி. அன்று காலை சர்க்கரை மாத்திரை வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டுக்கொள்ளலாம். வெறுமனே பார்ப்பதற்கும் சதைத் துணுக்கு எடுப்பதற்கும் ஆஸ்பிரினை நிறுத்த வேண்டியதில்லை. யாராவது நிறுத்தச் சொன்னால் இதய மருத்துவரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள். தொண்டை மரப்பு போக ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை தண்ணீர்கூட வேண்டாம், புரையேறும்.

துணுக்கு எடுப்பது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறதா என்று பார்க்க. நம் நாட்டில் இது மிகச் சாதாரணம். பலர் வயிற்றில் சும்மா கிடக்கும். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவரின் வயிற்றில் இருந்தால் புண் வரும் வாய்ப்பைக் கூட்டும். எனவே இருந்தால் ஒழித்துவிட வேண்டும். பாண்டோப்ரசோல் சாப்பிடும்போது இந்தச் சோதனை தவறாக 'இல்லை' என்று காட்டலாம் என்பதை மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள். கிருமிக்கான இரண்டு வார மருந்தில் கிளாரித்ரோமைசின் இருந்தால் அட்டோர்வாஸ்டாட்டினும் அம்லோடிபினும் ரத்தத்தில் ஏறிவிடும். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று அப்போது மறக்காமல் சொல்ல வேண்டும்.

தனியாரில் செலவு யோசனையாக இருந்தால், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் இரைப்பை குடல் மருத்துவத் துறை இருக்கிறது. காலையில் புறநோயாளிப் பிரிவில் சீட்டுப் போட்டுக் காட்டுங்கள். இரண்டு இடத்திலும் இதயப் பிரிவும் இருப்பது உங்களுக்கு வசதி.

மற்றவை, சுருக்கமாக

மெட்ஃபார்மின் புண் உண்டாக்காது. உப்புசம், குமட்டல், பேதிதான் அதன் வழி. சாப்பாட்டின் நடுவிலோ முடிவிலோ போடுங்கள். தொந்தரவு இருந்தால் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றித் தரச் சொல்லலாம். அம்லோடிபின் உணவுக் குழாயின் கீழ் வாயைத் தளர்த்திப் புளிப்பு மேலேறுவதற்கு வழிவிடும். இது எல்லோருக்கும் நடப்பதில்லை. மற்றதைச் சரிசெய்தும் எரிச்சல் தொடர்ந்தால் அப்போது அதைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

சீரியல் முடிந்து 9.30-க்குச் சாப்பிட்டு 10-க்குப் படுக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சாப்பாட்டை 7 மணிக்குக் கொண்டுவாருங்கள், சீரியல் பிறகு பார்க்கலாம். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் வலிக்கும், வயிறு மடிந்து இன்னும் அழுத்தும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே ஆறு முதல் எட்டு அங்குலத்துக்கு மரக்கட்டை வைத்து உயர்த்துங்கள். இடது பக்கம் சாய்ந்து படுங்கள். காரத்தை எல்லாம் விட வேண்டியதில்லை. எது சாப்பிட்டால் உங்களுக்கு ஏறுகிறது என்று இரண்டு வாரம் குறித்துவைத்து, அதை மட்டும் விடுங்கள். காலி வயிற்றுக் காபியை மட்டும் டிபனோடு தள்ளிப் பாருங்கள்.

உங்களுக்கு வந்ததை மருத்துவரே மருந்துப் பக்கவிளைவாகப் பதிவு செய்யலாம். நீங்களே சொல்ல வேண்டுமென்றால் மத்திய அரசின் இலவச எண் 1800-180-3024.

காத்திருக்கக் கூடாதவை

காபித்தூள் கலந்தது போன்ற அல்லது சிவப்பான வாந்தி, தார் போன்ற மலம், எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருவது, திடீரென்று வயிறு கட்டை போல இறுகி வலிப்பது, தண்ணீரும் இறங்காமல் அடைப்பது. இவற்றில் எது வந்தாலும் மறுநாள் ஓ.பி. வரை பொறுக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஸ்டென்ட் வைத்த, சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு பல சமயம் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் வலியாக வராது. 'கேஸ் ட்ரபிள்' போலவே வரும். மேல்வயிற்றில் அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்குதல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, இனம் தெரியாத களைப்பு என்று வந்தால், ஜெல் குடித்துவிட்டு அரை மணி பார்க்கலாம் என்று உட்காராதீர்கள். 108-ஐ அழையுங்கள். ஆஸ்பிரின் இல்லாமல் பத்து நாள் போயிருக்கும் இந்த வாரத்தில் இதைக் கூடுதலாக நினைவில் வையுங்கள். போகும்போது மாத்திரை அட்டைகளை அப்படியே ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், கடையில் வாங்கிய வலி மாத்திரையின் அட்டையையும் சேர்த்து.